பானை கட்டும் முன்: வீட்டுக் கிளிகளில் ஆண் பெண் அறியவும் பொறுப்பாகக் குஞ்சு எடுக்கவும்

"கன்ஃபார்ம் ஜோடி சார், மூணாம் மாசம் குஞ்சு பார்க்கலாம்" என்று சொல்லித்தான் அந்த இரண்டு பீச் ஃபேஸ் லவ்பேர்ட் கிளிகளை ஒரு கடையில் என் கையில் கொடுத்தார்கள். மூன்றாம் மாதம் முட்டை வந்தது. ஒன்றல்ல, பதினொன்று. இரண்டும் மாறி மாறி அடை உட்கார்ந்தன. நாங்கள் வீட்டில் டிவி சத்தத்தைக்கூடக் குறைத்து வைத்தோம். ஒரு மாதம் ஆகியும் ஒன்றும் பொரியவில்லை. எல்லாம் கூமுட்டை. அடுத்த ஈட்டிலும், அதாவது அடுத்த முறை போட்ட முட்டைகளிலும், அதே கதை. கடைசியில் இறகு பிடுங்கி ஆய்வகத்துக்கு அனுப்பியபோது பதில் ஒரே வரியில் வந்தது: இரண்டும் பெட்டை.

அதற்குள் ஆறு மாதம் போயிருந்தது. சுண்ணாம்புச்சத்து குறைந்து ஒரு பெட்டை சாகப் பார்த்தது. அதற்குப் பிறகு சட்டம், பதிவு, டிஎன்ஏ, இன்னொரு ஜோடி என்று நான் தட்டுத் தடுமாறிக் கற்றதை, நீங்கள் எந்த வரிசையில் செய்தால் பணமும் பறவையும் வீணாகாதோ அந்த வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன். எல்லோரும் முட்டையிடக் கூண்டில் கட்டும் பானையிலிருந்து ஆரம்பிக்கிறோம். அது ஏழாவது வேலை.

1. உங்களிடம் இருப்பது எந்தக் கிளி?

இது தெரியாமல் அடுத்த எதையும் செய்ய முடியாது. நம் ஊரில் பெயர்க் குழப்பம் அதிகம். கடையில் 'லவ் பேர்ட்ஸ்' என்று கேட்டால் பெரும்பாலும் பட்ஜி (பட்ஜெரிகர்) என்ற சின்ன ஆஸ்திரேலியக் கிளிகளைத்தான் காட்டுவார்கள். உண்மையான லவ்பேர்டுக்கு 'ஆப்பிரிக்கன் லவ்பேர்ட்' என்று பெயர். அதிலும் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இல்லாத பீச் ஃபேஸ் ஒரு இனம். பளிச்சென்று வெள்ளை வளையம் உள்ள ஃபிஷர் வேறு இனம். கொண்டையும் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டும் இருந்தால் காக்டெய்ல்.

பச்சைக்கிளி, அதாவது நம் மரப்பொந்துகளில் வாழும் சிவப்பு மூக்குக் கிளி, வீட்டில் வைக்கவே கூடாது. பெரிய பச்சைக்கிளிக்கும் இதுதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம். 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று போகும். "பத்து வருஷமா வீட்டுல இருக்கு, பேரு சொல்லிக் கூப்பிட்டா வரும்" என்பதெல்லாம் செல்லாது. உங்களிடம் இருந்தால் பக்கத்து வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள். நீலம், மஞ்சள் என்று விற்கப்படும் ரிங்நெக் கிளியும் அதே இனத்தின் நிற வேறுபாடுதான். புதிதாக ஆரம்பிப்பவர் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பேன்.

இந்தக் கட்டுரை முழுக்க வெளிநாட்டுக் கிளிகளைப் பற்றியது. முதல் முறை குஞ்சு எடுக்க நினைப்பவருக்கு பட்ஜி அல்லது காக்டெய்ல் போதும்.

2. காகிதம்

வெளிநாட்டுக் கிளி என்றால் எந்தக் காகிதமும் வேண்டாம் என்று கடையில் சொல்வார்கள். பாதி உண்மை. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியல், 2022இல் வந்த திருத்தத்தின் மூலம் நம் சட்டத்தில் நான்காம் அட்டவணையாகச் சேர்ந்துவிட்டது. கிளி வகையில் ஏறக்குறைய எல்லா இனங்களும் அதில் வரும். வராமல் வெளியே நிற்பவற்றில் நமக்கு வேண்டியவை மூன்று: பட்ஜி, காக்டெய்ல், பீச் ஃபேஸ் லவ்பேர்ட். இவற்றுக்குப் பதிவு தேவையில்லை.

ஃபிஷர், சன் கன்யூர், எக்லெக்டஸ், மக்காவ், ஆப்பிரிக்கன் கிரே எல்லாவற்றுக்கும் பதிவு வேண்டும். ஒரே கடையில், ஒரே அளவுக் கூண்டில், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பீச் ஃபேஸுக்கு வேண்டாம், ஃபிஷருக்கு வேண்டும். நான் இரண்டாவதாக ஃபிஷர் வாங்கியபோது இது எனக்குத் தெரியாது. விற்றவர் சொல்லவும் இல்லை.

பதிவு மத்திய அரசின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில். 2024 பிப்ரவரியில் வந்த விதிகள் பழைய வளர்ப்பாளர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தன. அது முடிந்துவிட்டது. இப்போது பறவை உங்கள் கைக்கு வந்த 30 நாளுக்குள் பதிய வேண்டும். கையில் தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை: உங்கள் அடையாள அட்டை, முகவரிச் சான்று, பறவையின் தெளிவான படங்கள், கால் வளைய எண் (குஞ்சாக இருக்கும்போதே காலில் மாட்டும் வளையத்தில் இருக்கும்), வாங்கியதற்கான ரசீது, விற்றவரின் பதிவு விவரம். கடைசி இரண்டும் இல்லாமல்தான் நான் மூன்று வாரம் அலைந்தேன். ஆகவே பணம் கொடுக்கும் முன்னால் கேளுங்கள். கொடுத்த பிறகு கேட்டால் போனையே எடுக்க மாட்டார்கள்.

பதிந்த பறவை குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும், கை மாறினாலும் அதே தளத்தில் தெரிவிக்க வேண்டும். ஆப்பிரிக்கன் கிரே 2017 முதல் சைட்டிஸின் முதல் பட்டியலில் இருக்கிறது. அதைக் குஞ்சு பொரிக்க வைக்க தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் தனி உரிமம் வாங்க வேண்டும். வீட்டு மாடியில் இரண்டு கூண்டு வைத்திருப்பவருக்கு அது ஒத்துவராது.

3. கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவை

இனத்துக்கு இனம் மாறும் என்பதால் தனித்தனியாகச் சொல்கிறேன்.

பட்ஜி: அலகுக்கு மேலே மூக்குத்துளை உள்ள சதையைப் பாருங்கள். வளர்ந்த சேவலுக்கு அது நீலம். பெட்டைக்கு வெளிர் நீலம் கலந்த வெள்ளை அல்லது பழுப்பு. முட்டையிடும் பருவத்தில் காய்ந்த மண் மாதிரி சொரசொரப்பாகிவிடும். இளம் குஞ்சில் கணக்கு வேறு, எல்லோரும் தடுமாறும் இடமும் இதுதான். குஞ்சுச் சேவலுக்கு மூக்குச் சதை ஒரே சீரான ரோஸ் அல்லது ஊதா. குஞ்சுப் பெட்டைக்கு வெளிறிய நீலம், மூக்குத்துளையைச் சுற்றி சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை வளையம். 'நீலம்னா ஆண்' என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போகிறவர்கள் வெளிர் நீல மூக்குள்ள குஞ்சுப் பெட்டையைச் சேவல் என்று வாங்கி வருவார்கள். நல்ல பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடையின் டியூப்லைட்டில் ரோஸும் நீலமும் ஒன்றுபோலத் தெரியும். முழு மஞ்சள், முழு வெள்ளைப் பட்ஜிகளில் சேவலின் மூக்கு வளர்ந்த பிறகும் ரோஸாகவே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வயதையும் அங்கேயே பார்த்துவிடலாம். நெற்றியில் மூக்கு வரைக்கும் கருப்புக் கோடுகள் இருந்தால் 3 அல்லது 4 மாதத்துக்குள். முதல் இறகு உதிர்ந்ததும் நெற்றி சுத்தமாகிவிடும்.

காக்டெய்ல்: முதல் இறகு உதிர்ப்பு வரை எல்லாக் குஞ்சும் பெட்டை போலத்தான் இருக்கும். சாம்பல் நிறக் காக்டெய்லில் 6 மாதம் வாக்கில் உதிர ஆரம்பித்து, ஒரு வயதுக்குள் சேவலின் முகம் பளீர் மஞ்சளாகும். வால் அடியில் உள்ள குறுக்குக் கோடுகளும் இறக்கைக்கு அடியில் உள்ள மஞ்சள் புள்ளிகளும் மறையும். பெட்டைக்கு முகம் மங்கலாகவே இருக்கும், கோடுகள் தங்கும். லுட்டினோ (சாம்பல் இல்லாமல் வெளிர் மஞ்சளாக, சிவப்புக் கண்ணோடு இருப்பது) பெட்டையின் வால் இறகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் மெல்லிய மஞ்சள் கோடுகள் தெரியும். இறகில் முத்து முத்தாகப் புள்ளி உள்ள முத்து நிறச் சேவல் பெரும்பாலும் முதல் உதிர்ப்பில் முத்துக்களை இழந்து சாம்பலாகிவிடும்; "நிறம் போயிடுச்சு, ஏமாத்திட்டாங்க" என்று சண்டைக்குப் போகாதீர்கள். திட்டுத் திட்டாக நிறமுள்ள பைட் வகையில் கண் பார்வையை நம்பவே முடியாது.

காக்டெய்லில் குரல் ஒரு நல்ல துப்பு. 3, 4 மாதத்திலேயே விதவிதமாகச் சீழ்க்கை அடித்து, கூண்டுக் கம்பியை அலகால் தட்டி, தோளைத் தூக்கி இறக்கையை இதய வடிவில் விரித்துக் காட்டினால் பெரும்பாலும் சேவல். ஒரே ஸ்வரத்தில் கத்திவிட்டு உட்கார்ந்திருப்பது பெட்டையாக இருக்கலாம், வெறுமனே கூச்ச சுபாவமுள்ள சேவலாகவும் இருக்கலாம்.

லவ்பேர்ட்: பீச் ஃபேஸ், ஃபிஷர் இரண்டிலும் தோற்றத்தில் வேறுபாடு கிடையாது. யார் என்ன சொன்னாலும் கிடையாது. பீச் ஃபேஸில் மட்டும் நடத்தையில் ஒரு துப்பு உண்டு: பருவம் வந்த பெட்டை காகிதத்தை நீள நீளமாகக் கிழித்து, முதுகுக்குக் கீழே இடுப்பு இறகுகளுக்குள் செருகிக்கொண்டு பறக்கும். சேவல் சில நேரம் முயற்சி செய்து கீழே போட்டுவிடும். என் இரண்டு கிளிகளும் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தைக் கிழித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்ததை நான் படம் எடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினேன். அர்த்தம் அப்போது தெரியவில்லை.

எக்லெக்டஸ்: குழப்பமே இல்லை. சேவல் பச்சை, பெட்டை சிவப்பு. குஞ்சுக்கு இறகு முளைக்கும்போதே தெரிந்துவிடும்.

சன் கன்யூர், ஆப்பிரிக்கன் கிரே: நேராக ஐந்தாம் படிக்குப் போங்கள்.

4. நிறக் கணக்கு

பெற்றோரின் நிறம் உங்களுக்குத் தெரிந்திருந்தால், சில குஞ்சுகள் ஆணா பெண்ணா என்று கூட்டிலேயே சொல்லிவிடலாம், ஒரு ரூபாய் செலவில்லாமல்.

பறவைகளில் சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. காக்டெய்லில் லுட்டினோ, முத்து, சின்னமன் (இலவங்கப்பட்டைப் பழுப்பு) நிறங்கள் இசட்டில் உட்கார்ந்திருக்கின்றன. பெட்டைக் குஞ்சுக்குத் தன் ஒரே இசட் அப்பாவிடமிருந்து வருகிறது. சேவல் குஞ்சுக்கு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று. ஆகவே இந்த மூன்று நிறங்களுக்கும் விதி எளிது: அம்மாவிடம் இல்லாத நிறம் குஞ்சில் தெரிந்தால், அந்தக் குஞ்சு பெட்டை.

லுட்டினோ அப்பா, சாம்பல் அம்மா என்றால் லுட்டினோ குஞ்செல்லாம் பெட்டை, சாம்பல் குஞ்செல்லாம் சேவல். இதைத் திருப்பிப் போட்டால், அதாவது அம்மா லுட்டினோ, அப்பா கலப்பில்லாத சாம்பல் என்றால், எல்லாக் குஞ்சும் சாம்பலாக வரும். நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அப்பா வெளியே சாம்பலாக இருந்து உள்ளே லுட்டினோ சுமப்பவராக இருந்தால் ('ஸ்ப்ளிட்' என்பார்கள்), வரும் லுட்டினோ பெட்டை, ஆனால் சாம்பல் எதுவாகவும் இருக்கலாம்.

பட்ஜியில் லுட்டினோ, அல்பினோ, ஓப்பலின், சின்னமனுக்கும் இதே கணக்குதான். பீச் ஃபேஸ் லுட்டினோவுக்கும் பொருந்தும். ஃபிஷர் லுட்டினோவுக்கு இதைப் போடாதீர்கள், அங்கே அந்த நிறம் வேறு வழியில் கடத்தப்படுகிறது.

இன்னொரு எச்சரிக்கை. லுட்டினோ காக்டெய்லோடு லுட்டினோ காக்டெய்லைச் சேர்த்தால் கொண்டைக்குப் பின்னால் வழுக்கை விழும் குஞ்சுகள் அதிகம் வரும். ஒன்றாவது சாம்பலாக இருக்கட்டும்.

5. டிஎன்ஏ சோதனை

கடைகளில் 'எலும்பு பார்ப்பது' என்று ஒன்று செய்வார்கள். அடிவயிற்றில் இரண்டு இடுப்பெலும்புகளுக்கு நடுவே விரலை வைத்து, இடைவெளி அதிகமென்றால் பெட்டை, நெருக்கமென்றால் சேவல் என்பார்கள். முட்டை போட்டுப் பழகிய பெட்டையில் அது சரியாக இருக்கலாம். குஞ்சில் வெறும் ஊகம். என் 'கன்ஃபார்ம் ஜோடி' அப்படி உறுதி செய்யப்பட்டதுதான். தலை உருண்டை, உடம்பு பெரிசு, கடித்தால் பெட்டை போன்றவையும் இதே ரகம். இரண்டும் ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொள்வதையும் நம்பாதீர்கள். இரண்டு சேவலும் செய்யும், இரண்டு பெட்டையும் செய்யும்.

ஆய்வகத்தில் செய்வது பிசிஆர் சோதனை. இசட், டபிள்யூ இரண்டிலும் உள்ள ஒரு மரபணுவைப் பெருக்கிப் பார்ப்பார்கள். இரு பட்டைகள் வந்தால் பெட்டை, ஒன்று வந்தால் சேவல். வயது ஒரு தடையில்லை. 3 வாரக் குஞ்சுக்கு இறகு முளைத்ததுமே அனுப்பலாம்.

மாதிரி எடுக்கும்போதுதான் தப்பு நடக்கிறது. நெஞ்சுப் பகுதியிலிருந்து 4 அல்லது 5 சிறு இறகுகளை வேரோடு சட்டென்று இழுக்க வேண்டும். சோதனைக்குத் தேவையான செல்கள் இறகின் அடித்தண்டில்தான் இருக்கின்றன. அதை விரலால் தொடாதீர்கள். கூண்டுக்கு அடியில் விழுந்து கிடக்கும் இறகு உதவாது, அது யாருடையது என்பதே தெரியாது. பிளாஸ்டிக் கவரில் போட்டால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். காகித உறையில் போடுங்கள். ஒரு பறவையை முடித்து, கை கழுவி, உறையில் வளைய எண்ணை எழுதி ஒட்டிய பிறகுதான் அடுத்த பறவையைத் தொட வேண்டும். நான்கு குஞ்சையும் ஒரே மூச்சில் பிடித்து, பிறகு உட்கார்ந்து பெயர் எழுதினால் ஆய்வகம் சரியாகச் சொன்னாலும் உங்களுக்குத் தப்பாகத்தான் வந்து சேரும்.

இறகு பிடுங்க மனமில்லையென்றால் நகத்தை லேசாக வெட்டி ஒரு துளி ரத்தம் அட்டையில் எடுக்கலாம். அதைக் கால்நடை மருத்துவரிடம் விடுங்கள்.

எனக்குப் பறவைக்கு 500 முதல் 700 ரூபாய் ஆனது, கூரியர் தனி. போய்ச் சேர்ந்ததிலிருந்து ஆறாவது நாள் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது. சான்றிதழில் வளைய எண் இருக்க வேண்டும். 'யெல்லோ பேர்ட் 1' என்று இருந்தால் அது எந்த மஞ்சள் பறவைக்கும் பொருந்தும். விற்பவர் அப்படி ஒன்றைக் காட்டினால் நம்பாதீர்கள். கூடுதல் பணம் கட்டினால் அதே மாதிரியிலேயே அலகு, இறகைத் தாக்கும் வைரஸ் நோய்க்கும் சோதனை செய்து தருவார்கள். குஞ்சு எடுக்கும் எண்ணமிருந்தால் அதையும் சேர்த்தே செய்யச் சொல்லுங்கள்.

6. ஜோடி சேர்த்தல்

சான்றிதழ் வந்தாயிற்று, ஒன்று சேவல், ஒன்று பெட்டை. சரி, அப்புறம்? இன்னும் மூன்று கேள்விகள்.

ஒரே ஈட்டுக் குஞ்சுகளா? கடையில் ஒரே கூண்டிலிருந்து பிடித்துத் தரும் ஜோடி அண்ணன் தங்கையாக இருக்க வாய்ப்பு அதிகம். சேவலை ஓரிடத்திலும் பெட்டையை வேறோரிடத்திலும் வாங்குவதே எளிய வழி. புதிதாக வந்ததைக் குறைந்தது 30 நாள் வேறு அறையில் வையுங்கள். கிளிகளிடமிருந்து மனிதருக்கு நுரையீரல் தொற்று பரவக்கூடும் என்பதால் எச்சம் வழிக்கும்போது முகக்கவசம் போடுங்கள், காய்ந்ததைப் பெருக்காமல் நனைத்துத் துடையுங்கள்.

வயதாயிற்றா? பட்ஜிக்கு 10 முதல் 12 மாதம், லவ்பேர்டுக்கு ஒரு வயது, காக்டெய்லுக்கு ஒன்றரை வயது. இதற்கு முன்பே முட்டை போடும். போடுகிறதே என்று விடக்கூடாது. இளம் பெட்டைக்கு முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும்.

ஒரே இனமா? பீச் ஃபேஸையும் ஃபிஷரையும் சேர்த்தால் குஞ்சு வரும், அந்தக் குஞ்சுக்குக் குஞ்சு வராது. அழகாக இருக்கிறதென்று இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள்.

நாலாவது கேள்வியை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்: ஐந்து குஞ்சு வந்தால் ஐந்தும் எங்கே போகும்? பெயர் சொல்லக்கூடிய இரண்டு வீடாவது இல்லையென்றால் இந்த வருடம் விட்டுவிடலாம். மிஞ்சியதைத் திறந்து பறக்கவிடுவது கருணை இல்லை. காக்கையோ பூனையோ இரண்டு நாளில் முடித்துவிடும்.

7. பானை, நாள் கணக்கு

காக்டெய்லுக்குப் பானை வைத்ததிலிருந்து குஞ்சு தானாகத் தின்னும் வரை ஏறக்குறைய நான்கு மாதம் ஆகும். அந்த நான்கு மாதத்தில் கத்திரி வெயில் வரக்கூடாது, தீபாவளியும் வரக்கூடாது. வெயிலுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மே மாதம் பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று கையை விட்டுப் பாருங்கள். தீபாவளியைத்தான் பலர் மறக்கிறார்கள். காக்டெய்ல் இருட்டில் மிரண்டால் கண்மண் தெரியாமல் அடித்துக்கொண்டு பறக்கும். ஒரு சரவெடியில் முட்டை உடையும், குஞ்சு மிதிபடும். நான் தீபாவளி முடிந்து ஒரு வாரம் கழித்துப் பெட்டி வைக்கிறேன். மார்ச்சில் குஞ்சுகள் வெளியே வந்துவிடும். இடையில் மழை ஈரத்தில் தீனியில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் மொத்தமாக வாங்க வேண்டாம். கூண்டுக்கருகே இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

பட்ஜிக்கும் லவ்பேர்டுக்கும் மண்பானை போதும். காக்டெய்லுக்கு நீள அகல உயரம் ஒவ்வொன்றும் 12 அங்குலமுள்ள மரப்பெட்டி, 3 அங்குலத் துவாரம். உள்ளே இரண்டு அங்குலத்துக்கு மரச்சீவல். தச்சுப்பட்டறையில் கேட்டால் தருவார்கள். பாலிஷும் பசையும் படாததாக வாங்குங்கள். காக்டெய்ல் ஜோடிக்குக் கூண்டு 3 அடி நீளமாவது வேண்டும். கூண்டு 2,500, பெட்டி 450, தீனி மாதம் 600 என்று எனக்கு ஆனது. மருத்துவருக்கென்று 2,000 ரூபாய் தனியாக எடுத்து வையுங்கள், அதைத் தொடாதீர்கள்.

எறும்பு! கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். பொரிந்த அன்றே குஞ்சை எறும்பு மொய்த்துக் கொன்றுவிடும். எறும்புச் சாக்பீஸைக் கூண்டைச் சுற்றிக் கோடு போடாதீர்கள், அது பறவைக்கும் நஞ்சு.

பெட்டி வைப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே பெட்டைக்குச் சத்து ஏற்ற வேண்டும். தினை, சாமை, கம்பு அடிப்படைத் தீனி. முளைகட்டிய பச்சைப்பயறு, முருங்கைக்கீரை, அவித்த முட்டை வாரம் இரண்டு மூன்று முறை. சூரியகாந்தி விதையைக் கொஞ்சமாக. சுண்ணாம்புச்சத்துக்குக் கணவாய் மீனின் ஓடான கடல்நுரை. பறவைக் கடையில் சொல்லும் விலையைக் கேட்டு மலைக்க வேண்டாம், நாட்டு மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கும். ஊறவைத்து, வெயிலில் காயவைத்துக் கூண்டில் கட்டுங்கள். காலை இளவெயில் அரை மணி நேரம் கூண்டில் பட வேண்டும், இல்லையென்றால் தின்ற சுண்ணாம்பு உடம்பில் ஒட்டாது.

8. முட்டை முதல் இறகு வரை

ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை வரும், 4 முதல் 6 வரை. காக்டெய்லில் பகலில் பெரும்பாலும் சேவலும் இரவில் பெட்டையும் அடை காக்கும். 18 முதல் 21 நாளில் பொரியும். பட்ஜியில் பெட்டை மட்டும் உட்காரும், 18 நாள். லவ்பேர்டுக்கு 21 முதல் 23 நாள். அடை உட்கார்ந்த ஒரு வாரத்தில் செல்போன் டார்ச்சை முட்டைக்கு அடியில் பிடித்தால் சிவப்பு நரம்பு தெரியும். தெரியாவிட்டால் உடனே எடுத்து எறியாதீர்கள். இன்னும் நாலைந்து நாள் பொறுத்து மறுபடி பாருங்கள்.

எட்டுக்கும் மேலே முட்டை வந்து ஒன்றிலும் நரம்பு இல்லையென்றால் உங்களிடம் இருப்பதும் என்னிடம் இருந்த ஜோடியாக இருக்கலாம். கூமுட்டையை எடுத்தெறிந்தால் பெட்டை மறுபடி போட ஆரம்பிக்கும். என் பெட்டை சாகப் பார்த்தது அதனால்தான். முட்டைகளை அப்படியே விடுங்கள், இரண்டு மூன்று வாரத்தில் தானாகச் சலித்து எழுந்துவிடும். அப்போது பானையைக் கழற்றுங்கள்.

பெட்டை சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்து, வால் மேலும் கீழும் ஆட முக்கினால் முட்டை சிக்கியிருக்கிறது. விளக்கெண்ணெய் தடவிப் பிதுக்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். உள்ளே உடைந்தால் பறவை போய்விடும். ஒரு அட்டைப்பெட்டியில் மின்விளக்கின் கதகதப்பில் வைத்து அன்றே மருத்துவரிடம் கொண்டு போங்கள், காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். பக்கத்து மருத்துவர் மாடு, நாய் மட்டும் பார்ப்பவராக இருந்தால் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகங்கள் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் இருக்கின்றன. எது பக்கம், எத்தனை மணி வரை பார்க்கிறார்கள் என்பதைப் பானை கட்டும் முன்பே விசாரித்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

மூடிய, அதாவது வெட்டில்லாத முழுக் கால் வளையத்தைக் காக்டெய்ல் குஞ்சுக்கு 8 முதல் 12 நாளுக்குள் மாட்ட வேண்டும், அளவு ஏறக்குறைய 5.5 மி.மீ. இரண்டு நாள் தாமதித்தால் கால் தடித்துவிடும், பிறகு போகாது. அந்த எண்தான் டிஎன்ஏ சான்றிதழுக்கும் பதிவுக்கும் நிறக் கணக்குக்கும் பிடி.

ஊசிக்குழாயில் ஊட்டி வளர்ப்பது பற்றிப் புதியவருக்கு என் அறிவுரை ஒன்றுதான்: செய்யாதீர்கள். கூழ் கொஞ்சம் சூடு அதிகமானால் தீனிப்பை வெந்துவிடும், கொஞ்சம் வேகமானால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தாய் தகப்பன் ஊட்டட்டும். இரண்டாம் வாரத்திலிருந்து தினமும் பத்து நிமிடம் கையில் எடுத்துப் பழக்கினாலே குஞ்சு பழகிவிடும்.

குஞ்சுகள் வெளியே வந்ததும் பெட்டியைக் கழற்றிவிடுங்கள். வருடத்துக்கு இரண்டு ஈடு, அதற்கு மேல் வேண்டாம். பெட்டி தொங்கினால் அவை ஓயாது.

9. குஞ்சைக் கொடுப்பது

பட்ஜி 6, 7 வாரத்திலும் லவ்பேர்ட் 8 வாரத்திலும் காக்டெய்ல் 8 முதல் 10 வாரத்திலும் தானாகத் தின்னும். அதன் பிறகும் ஒரு வாரம் தினமும் சமையலறைத் தராசில் எடை போட்டு, குறையவில்லை என்று பார்த்துக் கொடுங்கள். "சின்னதா இருந்தாத்தான் சார் ஒட்டிக்கும், இப்பவே குடுங்க, நாங்க ஊட்டிக்கிறோம்" என்பார்கள். அப்படி வாங்கிப் போன குஞ்சுகளில் எத்தனை மாதக் கடைசியைப் பார்த்தன என்று விசாரித்துப் பாருங்கள்.

கையோடு ஒரு தாள் கொடுங்கள்: வளைய எண், பொரிந்த தேதி, பெற்றோரின் நிறம், டிஎன்ஏ சான்றிதழ் நகல், இப்போது தின்னும் தீனி. ஃபிஷர், கன்யூர் என்றால் பதிவு விவரமும் சேர்த்து. கை மாறியதைப் பரிவேஷ் தளத்தில் நீங்களும் தெரிவிக்க வேண்டும். தொடர்ந்து விற்பது என்று இறங்கினால் 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிய வேண்டும், வீட்டிலிருந்து விற்றாலும்.

அதே விவரங்களை ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து யாராவது "உங்ககிட்ட வாங்குன பெட்டைக்கு ஒரு சேவல் வேணும்" என்று வருவார்கள். உங்களிடம் அப்போது இருக்கும் சேவல் அதன் தம்பியா இல்லையா என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். என் நோட்டின் முதல் பக்கத்தில் அந்த இரண்டு பீச் ஃபேஸ் பெட்டைகளின் பெயர் இருக்கிறது. பானை இல்லாமல், ஒரே கூண்டில், இன்றைக்கும் பேப்பரைக் கிழித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரிகின்றன.